கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள்

அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் நடத்தை நெறிக் கையேடு எழுத அமர்த்தப்பட்டிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் முதல் கூட்டம் எப்படிப் போகும் என்று எங்களால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பலகையில் யாரோ 'நேர்மை' என்று எழுதுவார். அடுத்து 'மரியாதை', 'பொறுப்பு', 'வெளிப்படைத்தன்மை' வரும். நான்கில் எது முதலில் நிற்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வாதம் நடக்கும். தலைவரின் புகைப்படத்தோடு ஒரு முன்னுரை தயாராகும். தப்பைப் பார்த்தவர் யாரிடம் போய்ச் சொல்வது என்ற பகுதி மட்டும், எல்லோரும் களைத்துப்போன கடைசிக் கூட்டத்தில், ஒரு மின்னஞ்சல் முகவரியோடு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் 64 பக்க நடத்தை நெறிக் கையேடு இருந்தது. 2000 ஜூலையில் தலைவரின் முன்னுரையோடு வெளிவந்தது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவால். கையேட்டில் நல்ல வாசகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1999-இல், நிதித்துறைத் தலைவர் தன் சொந்தக் கூட்டு நிறுவனங்கள் வழியாக என்ரானோடு தானே வணிகம் செய்துகொள்ள வசதியாக, சொந்த ஆதாயமும் பணிக் கடமையும் மோதக்கூடாது என்ற நலன் முரண் விதியை இயக்குநர் குழு அவருக்காக விலக்கி வைத்திருந்தது. நிறுவனத்தை உருக்குலைத்தவற்றில் அந்த விதிவிலக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஊழியர் கையில் கொடுத்த புத்தகத்தில் அது இல்லை; இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பில் இருந்தது.

அதனால் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வரிசையை மாற்றுங்கள். புகார் வழி, விசாரணை முறை, விதிவிலக்கு, இலக்கு நிர்ணயம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். விழுமியங்களின் பட்டியல் கடைசியில் வரட்டும். நேரம் இல்லாவிட்டால் அது வராமலே போனாலும் பெரிய நட்டமில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்க மாட்டானா என்று கேட்டுவிட்டு நம் மொழி நகர்ந்துவிடுகிறது. நக்காதே என்று எழுதுவது சுலபம். தேன் எடுக்க யாரை அனுப்புகிறோம், தனியாகவா துணையோடா, எடுத்த தேனை அளப்பவர் யார், அளப்பவரும் எடுப்பவரும் ஒரே ஆளா என்று எழுதுவதுதான் வேலை.

நிறுவன மோசடிகள் எப்படி வெளிச்சத்துக்கு வருகின்றன என்பதைச் சான்றுபெற்ற மோசடி ஆய்வாளர்களின் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலக அளவில் தொகுத்து வெளியிடுகிறது. 2024 அறிக்கையின்படி 43 விழுக்காடு, யாரோ ஒருவர் தகவல் சொன்னதால் தெரியவந்தவை. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் அந்தந்த நிறுவன ஊழியர்களே. உள்தணிக்கையில் பிடிபட்டவை 14 விழுக்காடு. எங்களில் தணிக்கைக்காரர்களுக்கு இந்த எண் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிவது தணிக்கையாளருக்குத் தெரிவதில்லை என்பதே உண்மை. அந்தப் பக்கத்து மேசைக்காரர் வாய் திறக்க ஒரு வழி வைத்திருக்கிறோமா?

வழி என்றால் குறைந்தது இரண்டு வேண்டும். அவை ஒரே அதிகாரியிடம் போய் முடியக்கூடாது. மனிதவளப் பிரிவுக்கு நேரில் போகலாம், அல்லது மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலுக்கு எழுதலாம் என்றால் அது ஒரே கதவுக்கு இரண்டு கைப்பிடி. ஒன்று நிர்வாகத்துக்குள் இருக்கட்டும். மற்றொன்று நிர்வாகக் குழுவில் அன்றாடப் பொறுப்பு இல்லாத ஓர் உறுப்பினரிடம் போகட்டும். பள்ளி, கல்லூரியில் தலைமை ஆசிரியர் மீதோ முதல்வர் மீதோ புகார் வந்தால் அது யாரிடம் போகும் என்று பதவிப் பெயரோடு எழுதுங்கள். "உரிய அதிகாரியிடம்" என்ற சொல் கையேட்டில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டு ஒரு பதவியின் பெயரை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்தில் யாரும் இல்லை என்று பொருள்.

புகார்ப் படிவத்தில் ஆறு கேள்விகள் போதும். என்ன நடந்தது, எப்போது, எங்கே, உங்களுக்கு எப்படித் தெரியும், வேறு யாருக்குத் தெரியும், இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா. நான்காவது கேள்விக்கு நேரில் பார்த்தேன், காகிதத்தில் பார்த்தேன், பிறர் சொல்லக் கேட்டேன் என மூன்று கட்டங்கள் இருந்தால் விசாரிப்பவரின் வேலை பாதி குறையும். "ஆதாரம் இணைக்கப்படாத புகார்கள் ஏற்கப்படா" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஊழியர் தனக்கு அனுமதியில்லாத கோப்பைத் திறப்பார், படமெடுப்பார், தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வார். கோப்பை யார் திறந்தார் என்ற பதிவில் அவர் பெயர் விழும். கடைசியில் மோசடி செய்தவர் மேல் ஒரு கோப்பும், சொன்னவர் மேல் ஒரு கோப்பும் ஓடும். ஆதாரம் திரட்டுவது விசாரிப்பவர் வேலை.

பெயரை மறைத்துக் காப்பதும் பெயரே இல்லாமல் வருவதும் வேறு வேறு. இதைக் கையேடு பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் வகையில் புகாரைப் பெறுபவருக்குப் பெயர் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாவது, மொட்டைக் கடிதம். மொட்டைக் கடிதத்தைக் குப்பையில் போடுவதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பொறாமையில் எழுதப்பட்டவை அதில் நிறைய என்பது உண்மைதான். ஆனால் பில் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு வரும் மொட்டைக் கடிதத்துக்குப் பெயர் எதற்கு? பில்லை எடுத்துப் பார்த்தால் போதும். சரிபார்க்கத்தக்க ஒரு விவரமாவது இருந்தால் விசாரிப்போம், இல்லையேல் பதிவு செய்து வைப்போம் என்று எழுதுங்கள். இணைய வழிப் படிவம் என்றால், பெயர் தராதவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணில் மேல்விவரம் கேட்கவும் பதில் சொல்லவும் வசதி வையுங்கள்.

பெயரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டு அதைத் தவறவிடுவது பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. புகாரின் வாசகத்தை அப்படியே வேறொருவருக்கு அனுப்புவார்கள். எழுத்து நடையே ஆளைக் காட்டிவிடும். "செவ்வாய்க்கிழமை மாலை கிடங்கில் நடந்ததைப் பற்றி" என்று விசாரணையில் கேட்பார்கள். அன்று அங்கே இருந்தவர் இருவர்தான். இதற்கு வழி இருக்கிறது. பெறுபவர் புகாரைத் தன் சொற்களில் திருப்பி எழுதி அதை மட்டுமே விசாரணைக்கு அனுப்ப வேண்டும். சம்பவத்தை நேராகக் கேட்காமல், அந்த மாதத்துக் கிடங்குக் கணக்கு முழுவதையும் வழக்கமான சரிபார்ப்புப் போலக் கேட்க வேண்டும். அப்படியும் ஆள் தெரிந்துவிடும் நிலை வந்தால், விசாரணையைத் தொடங்கும் முன் புகார் கொடுத்தவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

புகார் கொடுத்தவருக்கு, புகார் கிடைத்தது என்று ஒரு வரி, முடிவு என்ன என்று ஒரு வரி, இரண்டுக்கும் கெடு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த முறைகேடு தெரிவிப்போர் பாதுகாப்பு ஆணை முதல் வரிக்கு 7 நாள், இரண்டாவதற்கு 3 மாதம் என்று வைத்திருக்கிறது. வேறு அளவு தோன்றாவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லும்போது யாருக்கு என்ன தண்டனை என்று விவரிக்கத் தேவையில்லை. "விசாரித்தோம், நடவடிக்கை எடுத்தோம்" அல்லது "விசாரித்தோம், உறுதிப்படவில்லை" என்றால் போதும். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் அவர் அடுத்த முறை பேசமாட்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரும் பேசமாட்டார்கள்.

விசாரணைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதங்களையும் கணினிப் பதிவுகளையும் கைப்பற்றிப் பூட்டி வைக்க வேண்டும். அதன் பிறகே ஆட்களிடம் பேச்சு. புகார் கொடுத்தவர், சாட்சிகள், குற்றம்சாட்டப்பட்டவர் என்ற வரிசையில் பேசுங்கள். முதல் நாளே குற்றம்சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "உன் மேல் இப்படி ஒன்று வந்திருக்கிறது" என்று கேட்டால், மாலைக்குள் கோப்புகளில் சில குறையும். கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார், அது வேறு விஷயம். ஆனால் குற்றம்சாட்டப்பட்டவரின் முறை வரும்போது குற்றச்சாட்டு முழுவதையும் எழுத்தில் தந்து, பதில் எழுத அவகாசம் தந்து, தன் தரப்புச் சாட்சிகளைச் சொல்லவும் இடம் தர வேண்டும். இதில் சுருக்குவழி தேடினால், உண்மையாகவே தப்பு செய்தவர்கூட மேல்முறையீட்டில் நடைமுறைக் கோளாறைக் காட்டித் தப்பித்துவிடுவார். விசாரிப்பவர், புகார் கொடுத்தவரோடும் குற்றம்சாட்டப்பட்டவரோடும் வேலைத் தொடர்பு இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்பீர்கள். சொல்லுங்கள்.

முடிவுக்கு 'நிரூபணமானது', 'நிரூபணமாகவில்லை', 'தெரிந்தே சொன்ன பொய்' என மூன்று சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருப்பதையும் மூன்றாவதையும் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் அநியாயம். சாட்சி போதவில்லை என்பதற்காகச் சொன்னவர் பொய்யர் ஆகிவிட மாட்டார்.

பழிவாங்கல் எப்போதும் வேலைநீக்கமாக வராது. இடமாற்றமாக வரும், குறைந்த மதிப்பீட்டுப் புள்ளியாக வரும், விடுப்பு மறுப்பாக வரும், கூட்டங்களுக்கு அழைப்பு வராமல் போவதாக வரும். மாணவர் என்றால் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணாக வரும். புகார் கொடுத்தவரின் நிலையை 3, 6, 12 மாதங்களில் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். புகாருக்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். "பழிவாங்கல் பொறுத்துக்கொள்ளப்படாது" என்று எழுதிவிட்டு இந்த மூன்று தேதிகளை நாட்காட்டியில் குறிக்காவிட்டால் அந்த வாக்கியம் வெறும் கண்துடைப்பு.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, மாத இலக்குகளால் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வீட்டுக்கு எட்டுக் கணக்கு அல்லது அட்டை என்ற கணக்கில் ஊழியரை விரட்டியது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது. அதற்குள் சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி நீக்கியிருந்தது. ஐயாயிரம் பேர் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்கள் என்றால் அதைத் தனிமனிதக் குணக்கேடு என்று சொல்ல முடியாது. முறைகேட்டை மேலிடத்துக்குச் சொன்ன ஒரு மேலாளரை வேலையிலிருந்து நீக்கியதற்காக, 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு அதே வங்கிக்கு உத்தரவிட்டது. கெட்ட இலக்கும் அடைபட்ட புகார் வழியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இதுதான் விளைவு.

கல்வியிலும் இதே கதைதான். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வில் விடைத்தாள்களில் அழித்து எழுதிய தடங்கள் மிக அதிகமாக இருந்தன. அதிலும் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்தவையே மிகுதி. ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகவும், 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் அதில் ஈடுபட்டதாகவும் 2011 விசாரணை அறிக்கை சொன்னது. தேர்ச்சி விழுக்காட்டின் மேல் வேலையும் ஊக்கத்தொகையும் தொங்கிக்கொண்டிருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது. மேயச் சொல்லி வேலிக்கு இலக்கு கொடுத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஒவ்வோர் இலக்கையும் அறிவிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உண்மையான வேலையைச் செய்யாமலே இந்த எண்ணை எட்ட மூன்று வழிகளை எழுதிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மூன்றும் கிடைத்துவிட்டால் உங்கள் ஊழியருக்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு அந்த எண்ணுக்கு எதிர் எண் ஒன்றைக் கட்டுங்கள். திறந்த கணக்குகளின் எண்ணிக்கை என்றால், 60 நாள் கழித்து அதில் எத்தனை இயங்குகின்றன. முடித்த புகார்கள் என்றால், திரும்ப வந்தவை எத்தனை. தேர்ச்சி விழுக்காடு என்றால், அதே மாணவர்கள் அடுத்த வகுப்பில் எப்படி எழுதினார்கள். எண்ணை அளந்து தருபவர், அந்த எண்ணால் பலன் பெறுபவராக இருக்கக்கூடாது.

அபராதம் போட்டால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்கள் பத்தை எடுத்துக்கொண்டார்கள். குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கிய கூடுதல் நேரமாக அது மாறிவிட்டது. பின்னர் அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. வருகைப் பதிவுக்கும் நூலகப் புத்தகத்துக்கும் அபராதப் பட்டியல் தயாரிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இலக்கைப் போலவே நேரமும் ஆளைக் கெடுக்கும். 1973-இல் வெளியான பிரின்ஸ்டன் ஆய்வில், இறையியல் மாணவர்கள் உரையாற்றப் போகும் வழியில், சரிந்து கிடந்து முனகும் ஒருவரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. சிலர் பேசப் போனதே வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான். இதைப் பணியிடத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு எளிய பெருக்கல் கணக்கு. ஒரு சோதனைக்கு 6 நிமிடம். ஒரு பணிநேரத்தில் 90 சோதனை என்று படிவம் சொல்கிறது. ஆக 9 மணி நேரம். பணிநேரமோ 8 மணி. அந்தப் படிவத்தை நிரப்புகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பொய்க் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு சரிபார்ப்புப் படிவத்துக்கும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் கையெழுத்துப் போடுபவர் காகிதத்தைப் பார்த்துப் போடாமல், இயந்திரத்தையோ சரக்கையோ நேரில் பார்த்துப் போட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கூட்டங்களைப் பற்றி ஒன்று. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம், ஏவ வேண்டாம் என்றார்கள். பேச்சின் போக்கில் கேள்வி தலைகீழானது. பாதுகாப்பானது என்று நிரூபி என்று கேட்க வேண்டிய இடத்தில், ஆபத்தானது என்று நிரூபி என்று கேட்கப்பட்டது. பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியும்படி ஒருவரிடம் சொல்லப்பட்டது. மறுநாள் ஓடம் கிளம்பிய 73 நொடியில் சிதறியது; அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஆகவே பாதுகாப்பு சார்ந்த முடிவுகளில் நிரூபிக்கும் சுமை யார் மேல் என்று கையேட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மறுப்புச் சொன்னவரின் பெயரும் காரணமும் கூட்டக் குறிப்பில் அவருடைய சொற்களிலேயே இடம்பெற வேண்டும். வாய்மொழி உத்தரவு வரும்போது கீழிருப்பவர் சொல்ல ஒரு வாக்கியத்தையும் கையேடே தரட்டும்: "எழுத்தில் அனுப்புங்கள், உடனே செய்கிறேன்." இதில் மறுப்பும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தப்பான உத்தரவு பல நேரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நலன் முரண் பகுதியை எழுதும்போது குற்றத் தொனி வேண்டாம். கொட்டேஷன் அனுப்பிய மூன்று பேரில் ஒருவர் மைத்துனராக இருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் குற்றம். தெரிவிப்பது, விலகுவது, பதிவது என மூன்றும் வேண்டும். விலகுவது என்றால் வாக்களிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதல்ல. அறையை விட்டு வெளியே போவது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மைத்துனரை நிராகரிக்கச் சக ஊழியருக்குக் கூச்சமாக இருக்கும். உறவினர் என்பதோடு நிறுத்தாமல், கடன் கொடுத்தவர், வாங்கியவர், பழைய முதலாளி, பங்குதாரர் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை நிரப்பும் படிவம் போதாது. டெண்டர், ஆளெடுப்பு, விடைத்தாள் ஒதுக்கீடு என ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வரி கேட்க வேண்டும்.

அன்பளிப்புக்கு உச்சவரம்பு வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வரம்புக்குச் சற்றுக் கீழே நான்கு முறை வரும். ஆகவே ஒரே ஆளிடமிருந்து ஓராண்டில் வந்த மொத்தத்துக்கு வரம்பு வையுங்கள். மதிப்பைவிட நேரம் முக்கியம்: ஒப்பந்தம் முடிவாகாமல் இருக்கும்போது வரும் பேனா, எல்லாம் முடிந்த பின் வரும் கடிகாரத்தைவிட ஆபத்தானது. அதனால் பதிவேட்டில் தேதி, கொடுத்தவர், பொருள் இவற்றோடு 'அவருடைய எந்தக் கோப்பு நம்மிடம் நிலுவையில் இருக்கிறது' என்ற பத்தியும் வேண்டும். ஆசிரியர் தன் வகுப்பு மாணவருக்கே கட்டண டியூஷன் எடுப்பதும் இந்தப் பகுதியில்தான் வரும். அங்கே விற்கப்படுவது பாடமா, மதிப்பெண் பற்றிய நிம்மதியா என்று பெற்றோருக்குத் தெரியாது. பல நேரம் ஆசிரியருக்கே தெரியாது. விதிவிலக்குகளை யார் கேட்டார், யார் தந்தார், எந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லா ஊழியரும் பார்க்கும்படி வையுங்கள். என்ரானில் இல்லாதது அந்தப் பக்கம்தான்.

கல்வி நிலையக் குழுவினருக்கு இன்னும் கொஞ்சம். விடைத்தாளில் பெயர் மறைப்பது பாதி வேலை. ஒரு தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். முதல் கேள்விக்கு அழகாக எழுதியவருக்கு நான்காவதில் அரை மதிப்பெண் தாராளமாக விழும். எல்லாத் தாளிலும் முதல் கேள்வியைத் திருத்தி, தாள்களைக் கலைத்து அடுக்கி, பிறகு இரண்டாவதுக்குப் போகச் சொல்லுங்கள். திருத்தும் அளவுகோல் போகப் போக இறுகும் அல்லது தளரும். கடைசியில் முதல் பத்துத் தாளை மறுபடி பார்த்தால் அது தெரிந்துவிடும். பத்தில் ஒரு தாள் இரண்டாமவரிடம் போகட்டும். மதிப்பெண் தனித்தாளில் இருக்க வேண்டும், விடைத்தாளில் சிவப்பு மை இருக்கக்கூடாது. முதலாமவர் போட்ட எண்ணைப் பார்த்துவிட்டால் இரண்டாமவர் கை தானாக அதன் அருகே போய்விடும்.

காப்பி அடித்தலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தரும் ஒற்றுமை விழுக்காட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்கோளும் நூற்பட்டியலும் வழக்கமான சொற்றொடர்களும் அதில் சேரும். 30 விழுக்காட்டில் குற்றமில்லாமல் இருக்கலாம், 8 விழுக்காட்டில் ஒரு முழுப் பத்தி திருட்டாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவிகள் இன்னும் பலவீனமானவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் சொந்தக் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டதை அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. கருவி சொன்னது என்று ஒரு மாணவரைத் தண்டிக்கும் விதியை எழுதாதீர்கள். அசைன்மென்ட்டைத் தலைப்பும் கேள்வியும், படித்தவற்றின் குறிப்பு, முதல் வரைவு, இறுதி வடிவம் என நான்கு கட்டமாக வாங்குங்கள். சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் உட்கார வைத்து, இந்தப் பத்தியில் இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தாய், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் வரும். வகுப்பறையில் எதற்கு உதவி வாங்கலாம், எதற்குக் கூடாது என்பதை ஒவ்வொரு பணிக்கும் கேள்வித்தாளின் மேலேயே எழுதிவிட்டால் இந்த விசாரணைகளில் பல தேவைப்படாது.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்ப்பதும் திருட்டுக் கணக்குத்தான், திசைதான் வேறு. மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை எந்தத் துறையும் எடுத்தாளலாம்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். பணம் பெற்றுத் தந்ததற்கோ துறைத்தலைவராக இருப்பதற்கோ நன்றி சொன்னால் போதும்.

உறுதிமொழி வாசகத்தைப் படிவத்தின் அடியில் போடாமல் தலைப்பில் போட்டு முதலிலேயே கையெழுத்து வாங்கினால் உண்மை பேசுவார்கள் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொல்லக்கூடும். 2012-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அப்படித்தான் சொன்னது. 2020-இல் அதே ஆய்வாளர்கள் பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2021-இல், முதல் கட்டுரையிலிருந்த ஒரு சோதனையின் தரவே புனையப்பட்டது என்று தெரியவந்து அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய கட்டுரைக்கு நேர்ந்த கதி! கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். நேரத்தை அதில் செலவிடாதீர்கள்.

அன்றாட விஷயங்களுக்கு நீண்ட அத்தியாயம் வேண்டாம், சில வரிகள் போதும். ஒருவரின் கைப்பேசி எண்ணை அவரைக் கேட்காமல் மற்றவருக்குத் தராதீர்கள். மாணவரின் மதிப்பெண்ணையோ ஊழியரின் மருத்துவச் சான்றிதழையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உரையாடலைத் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்பும் முன் அதிலுள்ள மூன்றாம் நபரின் பெயரை மறையுங்கள். அறிக்கையைச் செய்தவரின் பெயர் அறிக்கையில் இருக்கட்டும். அதை மேலே கொண்டுபோனவரின் பெயர் மட்டும் இருப்பது பல அலுவலகங்களில் யாருக்கும் திருட்டாகத் தோன்றுவதே இல்லை. ஆண்டுக்கொரு முறை கணினியில் 'அடுத்து' பொத்தானை அழுத்திக்கொண்டே போகும் பயிற்சியை நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான கூட்டத்தில் 20 நிமிடம் ஒதுக்கி, சரி தவறு உடனே புலப்படாத ஒரே ஒரு நிகழ்வைப் பேசுங்கள். மேலாளர் கடைசியில் பேச வேண்டும். முதலில் பேசினால் மீதிப் பேர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும் முன் வரைவை, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஓர் ஊழியரிடமும் ஒரு மாணவரிடமும் கொடுங்கள். "உன் மேலதிகாரி பொய்ப் பில் போடுவதைப் பார்த்துவிட்டாய். இப்போது என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டு, எந்தப் பக்கத்தைத் தேடுகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் பக்கம் கிடைக்காவிட்டால் அது சரியான இடத்தில் இல்லை. பிறகு, ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில், அந்தப் பக்கத்திலிருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழையுங்கள். எடுப்பவர் யார் என்றும், அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உள்தணிக்கை, தேர்வு நிர்வாகம், புகார் விசாரணை ஆகிய பணிகளில் இருக்கும் சிலர்